புதுக் கழிப்பறைக் கோப்பைத் தேர்வில் முழங்காலும் முழங்கையும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுக்குப் புதுக் கழிப்பறைக் கோப்பை வாங்குவோர் கண்ணால் தேர்ந்தெடுக்கிறார்கள். வாங்கிய பின் அதில் உட்கார்ந்து எழுவது முழங்கால். அதைத் தேய்த்துக் கழுவுவது முழங்கை. இவ்விரு மூட்டுகளும் கடைக்கு அழைத்துச் செல்லப்படுவதில்லை. சென்றாலும் கருத்துக் கேட்கப்படுவதில்லை. இதனால் விளையும் குடும்பப் பூசல், தண்ணீர்ச் செலவு, கீழ்வீட்டாரின் மனக்கசப்பு ஆகியவை ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. ஆய்வின் களமும் மாந்தரும்

ஆய்வுக்களம் சென்னையும் அதன் புறநகரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்ககங்களில் பெரும்பாலும் ஓர் ‘இந்தியன்’, ஒரு ‘வெஸ்டர்ன்’ என்று இரண்டு கழிப்பறைகள் இருக்கும். வெஸ்டர்ன் மகன் மருமகளின் படுக்கையறைக்குள் போய்விடும். இந்தியன் கூடத்தை ஒட்டிப் பெரியவர்களுக்கு வாய்க்கும். அதாவது, குந்தக்கூடிய வயதினர் உட்காருவார்கள். உட்கார வேண்டிய வயதினர் குந்துவார்கள். பெரியவருக்கு முட்டி தேய்ந்து, எழுந்திருக்கும்போதெல்லாம் குழாயைப் பிடித்து அது கையோடு வந்துவிடும் நாளில்தான் “பாத்ரூமை மாத்திடலாம்” என்ற தீர்மானம் நிறைவேறும். இவ்வாய்வு அத்தீர்மானத்திலிருந்து தொடங்குகிறது.

ஆய்வு மாந்தர் ஐவர்: முட்டிவலிக்காரரான பெரியவர், எதற்கும் கருத்துடைய அவர் மனைவி, பணம் கொடுக்கும் மகன், கழுவும் மருமகள், உள்ளே போனால் வெளியே வராத பேரன். இவர்கள் ஒரே வீட்டார் அல்லர். பல வீடுகளில் கண்டவர்களைத் தொகுத்து ஒரு வீட்டில் குடிவைத்திருக்கிறோம். வாடகை வாங்கவில்லை. துணைமை ஆதாரங்களாகப் பிளம்பர், கொத்தனார், கடைப்பையன் ஆகியோரின் வாய்மொழிகள் கொள்ளப்பட்டன.

2. முந்தைய ஆய்வுகள்

இத்துறைக்கு முதல்நூல் செய்தவர் ஒரு கவிஞர். முதலாம் எலிசபெத் அரசியின் ஞானமகனான ஜான் ஹாரிங்டன், தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் கழிப்பிடம் ஒன்றை விவரித்து 1596-இல் நூல் வெளியிட்டார். இடையிடையே அரசவைப் பெரும்புள்ளிகளையும் குத்திக்காட்டியிருந்ததால் அரசியின் சினத்துக்கு ஆளாகிச் சிலகாலம் அவையை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. ஆராய்ச்சியோடு விமர்சனத்தைக் கலந்தவர்கள் பிற்காலத்திலும் இதையேதான் அனுபவித்தார்கள்.

ஹாரிங்டனின் அமைப்பில் நாற்றத்தை நிறுத்தும் வளைவு இல்லை. 179 ஆண்டுகள் கழித்து, 1775-இல், லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், குழாயை எஸ் வடிவில் வளைத்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று அதைத் தாண்டி வராது. கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்களை வாசலிலேயே எதிர்கொள்ளும் மணம், அந்த வளைவுத் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்பதற்கான அறிவிப்பு. ஒரு வாளி ஊற்றினால் அடங்கும். கடிகாரக்காரருக்கு இத்துறையில் என்ன வேலை என்ற வினா, காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பழகியவர்களுக்கு எழாது.

இக்கருவியைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்பாரும் உளர். அது பொருந்தாது. கிராப்பர் பிறந்தது 1836-இல். கம்மிங் காப்புரிமை வாங்கி அப்போது 61 ஆண்டுகள் ஆகிவிட்டன. கிராப்பர் கோப்பை விற்றவர், சில உறுப்புகளைத் திருத்தியவர். விற்றவர் பெயர் நிலைத்துச் செய்தவர் பெயர் மறைவது பிற துறைகளிலும் காணப்படுவதால் இதை நீட்டிக்க வேண்டியதில்லை.

1966-இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரா, ‘தி பாத்ரூம்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்தார். உடம்பைப் பார்த்துப் பொருளைச் செய்யாமல், பொருளைச் செய்து வைத்துவிட்டு உடம்பை அதற்கு வளைக்கிறோம் என்பது அவர் கண்ட குறை.

தமிழில் இத்துறை வளராமைக்குக் காரணம் இலக்கணமே என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல ‘இடக்கரடக்கல்’ என்று ஒரு வழி வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். ‘கால் கழுவி வந்தான்’ என்பது அதற்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அப்படிக் கால் கழுவி வந்தவன் எவ்வகை இடத்துக்குப் போய்வந்தான், போன இடத்தில் தண்ணீர் வந்ததா என்பவற்றை உரையாசிரியர் எவரும் குறிக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே நம் பணி.

3. கோப்பையின் பிறப்பு

இத்துறையில் தமிழ்நாடு பிறர் கையை எதிர்பார்த்து நின்றதில்லை. பாரிவேர் கோப்பைகள் ராணிப்பேட்டையில் உருவானவை. அந்நிறுவனம் பின்னர் ஸ்பெயினின் ரோகா வசம் போனது. நெய்சர் கோப்பைகள் வடலூரில் உருவானவை. வள்ளலார் 1867-இல் தருமச்சாலை நிறுவி அணையா அடுப்பு மூட்டிய அதே வடலூர். உண்பதற்கும் உண்டபின் ஆவதற்கும் ஒரே ஊரில் வழிசெய்து வைத்த சிறப்பு உலகில் வேறு எத்தனை ஊருக்கு உண்டு என்பது தனியே ஆராயத் தக்கது.

களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்துக் கூழாக்கி, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, உலர்த்தி, மெருகுப் பூச்சு தெளித்து, ஏறத்தாழ 1,200 டிகிரிச் சூட்டில் சுட்டால் கோப்பை கிடைக்கும். உலர்ந்து சுடுபடுவதற்குள் அது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். எனவே ஒரே அச்சில் பிறந்த இரண்டும்கூட அச்சு அசலாக இரா. வாங்குமுன் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பதும், விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதும் நலம். முழுமையான பீங்கான் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி மழுங்கும். கடையில் இப்படித் தட்டிக்கொண்டே போகிறவரைக் கடைப்பையன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். ஆய்வாளர் பழிக்கு அஞ்சலாகாது.

4. குழாய் எனும் ஊழ்

கோப்பையை மனிதர் தேர்ந்தெடுப்பதாக எண்ணுவது மயக்கம். எது அமையும் என்பதை, வீடு கட்டிய நாளில் யாரோ ஒரு பிளம்பர் போட்டுவிட்டுப் போன குழாயே முடிவு செய்கிறது. இதற்கு நாம் இயற்றிய சூத்திரம் வருமாறு:

அளவறிந்து கொள்க; அழகுபின் காண்க;
களவு போகாது கடையில்அக் கோப்பை.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து அளக்க வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. கோப்பையின் கழிவுவாய் இருவகைப்படும். பின்சுவருக்குள் நேராகப் போவது ‘பி டிராப்’. தரைக்குள் இறங்குவது ‘எஸ் டிராப்’. பி டிராப்புக்குக் குழாய்வாயின் நடு, தரையிலிருந்து ஏறத்தாழ 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். எஸ் டிராப்புக்குச் சுவரிலிருந்து குழாய் நடுவரையுள்ள தூரமே உயிர். கடைகளில் 4 அங்குலம், 9 அங்குலம், 12 அங்குலம் என்ற கணக்கில் கிடைக்கும். சுவர் என்றது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரை. ஒட்டுமுன் அளந்தவர், டைல்ஸும் அதன் பின்னுள்ள கலவையும் தின்ற தடிமனைப் பின்னர் தம் நெஞ்சில் உணர்வார்.

12 அங்குலக் குழாய்மேல் 9 அங்குலக் கோப்பையை வைத்தால் பின்னால் 3 அங்குலச் சந்து விழும். சீப்பு, சோப்பு, பேரனின் பந்து ஆகியவற்றுக்கு அது நிரந்தர வைப்பகம். 9 அங்குலக் குழாய்மேல் 12 அங்குலக் கோப்பையை வைக்க முயன்றால் ஒன்று சுவரை உடைக்க வேண்டும், அல்லது கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவரை உடைப்பது எளிது.

பழைய இந்தியனைப் பெயர்த்து வெஸ்டர்ன் வைப்போர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அடுக்ககங்களில் கழிப்பறைத் தளத்தை ஓரடி போலத் தாழ்த்திக் கட்டி, குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லி கொட்டி மூடியிருப்பார்கள். சன்கன் ஸ்லாப் என்பது இதன் பெயர். கோப்பையைப் பெயர்க்கும்போது உள்ளேயிருக்கும் நீர்க்காப்புப் பூச்சும் பெயர்ந்துவிடும். மறுபடி பூசாமல் டைல்ஸ் ஒட்டினால், கீழ்வீட்டுக் குளியலறை விட்டத்தில் ஈரம் படரும். முதலில் இலங்கை அளவுக்குத் தெரியும். கவனியாது விட்டால் ஆஸ்திரேலியா ஆகும். கீழ்வீட்டுக்காரர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடியிருப்போர் சங்கக் குழுவில் போடும்போது உலகப்படம் முழுமை பெறும்.

வாஸ்து பற்றியும் ஒரு சொல். ஈசானிய மூலை ஆகாது, வாயு மூலை உத்தமம், வடக்கோ தெற்கோ நோக்கி அமர்க என்பர் வாஸ்து நூலோர். பிளம்பரின் நூல் சிறிது: “டக்ட் எங்க இருக்கோ அங்கதான் சார்.” கழிவு கொண்டுபோகும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய், நாற்பது அடி ஓடினால் ஓரடியாவது இறங்கினால் நல்லது. இந்தச் சரிவை மதியாமல் மூலையை மதித்தால், எந்தத் திசை நோக்கி அமர்ந்தாலும் போனது திரும்பி வரும். புவியீர்ப்புக்குப் பரிகாரம் கிடையாது.

5. முழங்கால் இயல்

இவ்வாய்வின் மையச் சிக்கல் இது: குடல் ஒன்றைக் கேட்கிறது, முழங்கால் அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது.

குடலின் கடைவாயைச் சுற்றிப் பியூபோரெக்டாலிஸ் என்றொரு தசை அதை முன்னுக்கு இழுத்து மடக்கிப் பிடித்திருக்கிறது. நாம் நடமாடும்போது மானம் காப்பது அதுதான். குந்தினால் அது தளர்ந்து வழி நேராகும். நாற்காலியில் போல உட்கார்ந்தால் பாதிதான் தளரும். இஸ்ரேல் மருத்துவர் டோவ் சிகிரோவ் 28 பேரை மூன்று நிலைகளில் காலைக்கடன் கழிக்கச் செய்து, நேரத்தைக் குறித்து, 2003-இல் வெளியிட்டார். குந்தியபோது சராசரி 51 விநாடி. தாழ்ந்த இருக்கையில் 114. உயர்ந்த இருக்கையில் 130. நம் ஆய்வு மாந்தருள் பேரனின் சராசரி இந்த எல்லைக்குள் அடங்கவில்லை. அவன் விஷயத்தில் தாமதத்துக்குக் காரணம் தசையன்று, சார்ஜ் என்பதால் அவன் கணக்கு நீக்கப்பட்டது.

ஆகவே குடலின் தீர்ப்பு: தாழ்க. முழங்காலின் தீர்ப்போ: உயர்க. தரையிலிருந்து ஏறத்தாழ 400 மி.மீ. உயரமுள்ள சாதாரண வெஸ்டர்னிலிருந்து எழுவதே சில முட்டிகளுக்கு மலையேற்றம். அத்தகையோருக்காக 450 மி.மீ. அளவில் உயர்ந்த வகைகளும் விற்கின்றன. மகன் பாசத்தோடு அதை வாங்கி வைப்பார். பெரியவருக்குச் சரியாக இருக்கும். ஐந்தடியைத் தொடாத அவர் மனைவிக்கு இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கும். கால் தரையில் ஊன்றாமல் இவ்வேலை நடவாது என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், இடக்கரடக்கல். மருத்துவரிடம் மலச்சிக்கல் மாத்திரை மட்டும் கேட்பார்.

இம்முரணைத் தீர்க்க நம் நாட்டுத் தொழிலதிபர்கள் ஆங்கிலோ இந்தியன் என்றொரு கலப்பினம் படைத்தார்கள். உட்காரவும் செய்யலாம், விளிம்பில் கால் வைக்கத் தடம் போட்டிருப்பதால் ஏறிக் குந்தவும் செய்யலாம். இரு கட்சியையும் சேர்த்துவைக்கும் முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் முட்டிவலி உள்ளவரால் அதன்மேல் ஏற முடியாது. முட்டிவலி இல்லாதவருக்குத் தரையிலேயே குந்த முடியுமாதலால் ஏறும் தேவை கிடையாது. எனவே இக்கோப்பை யாருக்காகப் படைக்கப்பட்டது என்பது தெளிவாகவில்லை.

நாம் கண்ட தீர்வு வருமாறு. வீட்டில் பெரியவர்கள் சிரமமின்றி உட்கார்ந்து எழும் நாற்காலி ஒன்று இருக்கும். அதன் உயரத்தை அளந்து கொள்க. கோப்பையின் உயரம், சீட்டோடு சேர்த்து, அதை ஒட்டி இருக்கட்டும். குட்டையானவர்களுக்கும் குடல்கட்சியினருக்கும் காலடியில் ஒரு மணை போடுக. பாதம் உயர்ந்தால் முட்டி உயரும், முட்டி உயர்ந்தால் உள்வழி ஓரளவு நேராகும். பக்கச்சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி பதிக்க. கோப்பைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் சில நூறு ரூபாய்க் கைப்பிடியை ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்’ என்று மறுக்கிறார்கள். அதை மறுப்பதாலேயே ஆஸ்பத்திரியைப் பார்க்க நேர்கிறது.

6. தண்ணீர் இயல்

பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டரும் அதற்கு மேலும் கொட்டியது. இன்று பரவியிருப்பது இரட்டைப் பொத்தான்: சிறியதற்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர். இரட்டைப் பொத்தான் முறையை 1980-களில் பரப்பியது ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம். வறண்ட நாட்டார் கண்டது வறண்ட நகரத்தார்க்கும் பொருந்தும்.

கணக்கிடுவோம். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பெரியது, நான்கு சிறியது என்று கொண்டால், பழைய டேங்க்குக்கு 200 லிட்டர். புதியதற்கு 72 லிட்டர். மிச்சம் 128 லிட்டர். இதைக் குடக் கணக்கில் சொன்னால்தான் சென்னைக்குப் புரியும்: 15 லிட்டர்க் குடத்தில் எட்டரைக் குடம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, தெருமுனையில் லாரிக்கு முன் குடத்தோடு நின்றவர்களிடம் எட்டரைக் குடம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதும் பார்க்க வேண்டும். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து அமுக்குவோர் ஒரு சாரார். அமுக்கிய பிறகும் ஒரு வாளி ஊற்றினால்தான் மனம் ஆறும் என்போர் இன்னொரு சாரார். பெரியவரின் மனைவி இரண்டாம் சாரார்க்குத் தலைவி. இவற்றைவிட மோசம் போர்த் தண்ணீர். அதிலுள்ள உப்பு வால்வில் படிந்தால் அது சரியாக மூடாது. கோப்பைக்குள் நூலிழையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் மட்டும் அடிக்கடி ஓடும். ஐயம் இருந்தால் டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் சிறிதுநேரம் காத்திருக்க. கோப்பைத் தண்ணீர் கேசரி நிறம் கொண்டால் வால்வு கசிகிறது. அன்று மாலை வீட்டில் கேசரி கிளறுவதைத் தவிர்த்தல் நலம்.

தண்ணீரைக் குறைத்தால் வேலை நடக்குமா என்பது அடுத்த ஐயம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 2003 முதல் ‘மேப்’ என்றொரு சோதனை நடைபெறுகிறது. சோயா விழுதை உருளைகளாகப் பிடித்துக் கோப்பையில் இட்டு, ஒரே ஃப்ளஷில் எத்தனை கிராம் போகிறது என்று நிறுக்கிறார்கள். 1,000 கிராம் வரை போக்கிக்காட்டும் கோப்பைகள் உண்டு. அமெரிக்க அரசின் ‘வாட்டர்சென்ஸ்’ முத்திரைக்கு 350 கிராமாவது போக வேண்டும். நம் ஊரில் இச்சோதனையை எந்த மாவு கொண்டு நடத்துவது என்ற வினா மருமகளின் முன்னிலையில் எழுப்பப்பட்டது. அவர் கிரைண்டரைத் தொடவிடவில்லை.

7. கடையில் கண் செய்யும் காரியம்

இவ்வளவும் அறிந்த பின்னும், கடைக்குள் நுழைந்ததும் கண் ஆட்சியைக் கைப்பற்றிவிடுகிறது. துணிக்கடையில் நானூறு ரூபாய்ச் சட்டைக்கு ட்ரையல் ரூம் உண்டு. இருபது ஆண்டு உட்காரப் போகும் கோப்பைக்கு இல்லை. ஒரு கோப்பைக்கும் தண்ணீர் இணைப்பு கிடையாது. எல்லாம் விளக்கொளியில் பளபளவென்று வறண்டு நிற்கின்றன. உட்கார்ந்து பார்க்கவும் கூச்சம். களப்பணியில் கண்டவரை, அப்படி உட்கார்ந்தவர்கள் முதலில் இருபுறமும் பார்க்கிறார்கள், பிறகு கைப்பேசியை எடுத்துக் காதில் வைக்கிறார்கள், பிறகே சோபாவில் அமர்வது போன்ற பாவனையில், மூடிமேல், அமர்கிறார்கள்.

கடைப்பையனிடம் ஓர் ஆயுதம் உண்டு. “சாஃப்ட் க்ளோஸ் சார், பாருங்க” என்று மூடியை ஒரு தட்டுத் தட்டுவான். அது ஆடாமல் அசையாமல், கோயில் யானை மண்டியிடுவது போல மெல்லத் தாழும். மொத்தக் குடும்பமும் வாய்பேசாது பார்த்து நிற்கும். அது முழுதும் படிந்ததும் மகன் “இதையே போட்டுடுங்க” என்பார். டிராப் தூரம், உயரம், லிட்டர் எதுவும் அக்கணத்தில் நினைவுக்கு வருவதில்லை. விற்பனை அந்த மூடியில்தான் முடிகிறது.

அடுத்தது நிறப் பூசல். வெள்ளை என்பார் மகன். ‘ஐவரி’ என்பார் பெரியவரின் மனைவி. அழுக்கு தெரியாது என்பது அவர் வாதம். அழுக்கு தெரியாமையும் அழுக்கு இல்லாமையும் ஒன்றல்ல என்பதை மருமகள் அறிவார், பேசமாட்டார். கறுப்பு என்பான் பேரன். உப்புத் தண்ணீர் உலர்ந்து விடும் வெள்ளைத் திட்டுகள் கறுப்பில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியா.

8. முழங்கை இயல்

இனி, யாரும் கேளாத மூட்டுக்கு வருவோம். கோப்பையைக் கழுவுகிறவருக்கு அது ஒரு பொருளன்று, இடுக்குகளின் தொகுதி. மேல்விளிம்பின் அடிப்பக்கம் ஓர் இடுக்கு. அங்கே பிரஷ் போகும், கண் போகாது. டேங்க்கும் கோப்பையும் தனித்தனியான டூ பீஸில் இரண்டும் சேருமிடம் ஓர் இடுக்கு. சீட்டை மாட்டும் போல்ட்டுகளின் அடி ஓர் இடுக்கு. வளைவுக் குழாயின் வடிவம் வெளியே புடைத்துத் தெரியும் கோப்பையில் பக்கவாட்டு மடிப்புகள் மேலும் நான்கு. தரையோடு ஒட்டிய வெள்ளைச் சிமென்ட் விரிந்தால் அது எல்லா இடுக்குகளுக்கும் தாய்.

இவ்வியலின்படி தேர்வு செய்தால் முடிவுகள் தலைகீழாகின்றன. விளிம்பு மடிப்பில்லாத ரிம்லெஸ் மேல். பக்கங்களை மூடி வழவழப்பாக்கிய ஸ்கர்ட் வகை மேல். கையால் அமுக்கிக் கழற்றி மாட்டக்கூடிய சீட் மேல். சுவரில் தொங்கும் வகையில் அடியில் மாப் தாராளமாகப் போய்வரும். ஆனால் அதற்குச் சுவருக்குள் இரும்புச் சட்டம் பதிக்க வேண்டும். நல்ல சட்டம் 400 கிலோ தாங்கும். நம் அடுக்ககங்களின் நாலரை அங்குலச் சுவர் தானாகத் தாங்காது, சட்டத்தைத் தரையிலும் ஊன்ற வேண்டும். டேங்க் சுவருக்குள் மறைவதால், பின்னாளில் பழுது பார்க்க உள்ளூர்ப் பிளம்பருக்குத் தெரியுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் பற்றி ஒரு குறிப்பு. ஆசிட் கறையைத் தின்னும். டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டையும் சேர்த்துத் தின்னும். ஊற்றுகிறவரின் மூச்சையும் விடாது. கறை ஏறுமுன் வாரந்தோறும் தேய்ப்பதே வழி. அந்த வாரந்தோறும் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே கேள்வி.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கோப்பையைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்தின் வன்மை, அவர் பிரஷ் பிடித்த அனுபவத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. இதை ‘முழங்கை விதி’ என்று பெயரிட்டு வழங்குகிறோம். கடையில் மகன் அதிகம் பேசினார். பெரியவரும் அவர் மனைவியும் அவரோடு போட்டியிட்டார்கள். பேரன் நிறம் சொன்னான். மருமகள் விளிம்பின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். எல்லாரையும்விட அதிகம் தெரிந்தது அந்த விரலுக்குத்தான். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவே கழுவும் வீடுகளில் அந்த விரல் கடைக்கே வருவதில்லை.

முழங்கை வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுவதும் இல்லை. கோப்பைக்குள் போடக்கூடாத நாப்கினையும் துணியையும் போட்டு அடைத்துக்கொண்டால், வெளியே சேம்பரைத் திறந்து கைவிடுகிறவர் வேறு ஒருவர். கையால் மலம் அள்ளும் வேலையை 1993-இலேயே சட்டம் தடுத்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் இறக்குகிறார்கள். உள்ளே போனவர்கள் விஷவாயு தாக்கி இறக்கிறார்கள். இப்பகுதியில் வேடிக்கைக்கு இடமில்லை. கோப்பை வாங்கும் நாளிலேயே மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்றும் வாங்குக. டேங்க் நிறைந்தால் இயந்திர லாரியைத்தான் கூப்பிடுக.

9. ஆய்வின் வரம்புகள்

ஆய்வு முழுதும் வெளியிலிருந்து செய்யப்பட்டது. உள்ளே நடப்பது மாந்தரின் வாய்மொழியாகவே கிடைத்தது. அவ்வாய்மொழி பெரும்பாலும் “ம்” என்ற அளவில் இருந்தது. ‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது’ என்ற முதுமொழி கருதிப் பேட்டிகள் பல பாதியில் முடித்துக்கொள்ளப்பட்டன.

10. பரிந்துரைகள்

ஒன்று: டேப் இல்லாமல் கடைக்குப் போகலாகாது. இரண்டு: கடையில் நாணமின்றி உட்கார்ந்து பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் உயரம் சரியாகத் தெரியும். மூன்று: மூடி விழுவதைப் பார்க்குமுன் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடிக்க. நான்கு: கோப்பையின் பணத்தில் ஒரு பங்கைக் கைப்பிடிக்கும் மணைக்கும் நீர்க்காப்புப் பூச்சுக்கும் ஒதுக்குக. ஐந்து: பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவர் பணம் கொடுப்பவர் அல்லர், கழுவுகிறவர். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தால் மட்டுமே வாங்குக.

ஐந்தாம் பரிந்துரையை நடைமுறைப்படுத்தினால் பல வீடுகளில் குடும்பத் தலைவருக்கு வாக்குரிமை போய்விடும் என்ற அச்சம் தெரிவிக்கப்பட்டது. அஞ்ச வேண்டியதில்லை. இழந்த வாக்குரிமையை அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் திரும்பப் பெறலாம். அதற்கான பிரஷ் கோப்பைக் கடையிலேயே அடுத்த அலமாரியில் கிடைக்கிறது, விலை சொற்பம், டிராப் தூரம் பார்க்கத் தேவையில்லை, எல்லாக் கைக்கும் பொருந்தும்.